காதோரத்து வெள்ளை

ஜீவனஹள்ளி, பெங்களூர்
9.1.2005, ஞாயிறு

ஓவியர் ஷங்கர் சார் அவர்களுக்கு,

கும்பிடறேன். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. என் பேரு சரளா. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யறேன். எங்க ரிசப்ஷன்ல உங்க படத்தை மாட்டி ரெண்டு மாசம் ஆகுது. "விலாசம் இல்லாதவன்"னு பேரு போட்டிருக்கே, அந்தப் படம்தான். அது மேல இருக்கற கண்ணாடியைத் துடைக்கிறவ நான்.

ரிசப்ஷன்ல உக்கார்ற யூனிஸ் விவேக் நகர் பொண்ணு, தமிழ்ப் பொண்ணு. பக்கத்துல ஒட்டியிருக்கற இங்கிலீஷ் பேப்பரைப் படிச்சு அர்த்தம் சொன்னது அதுதான். உங்க விலாசத்தை எடுத்துக் குடுத்ததும் அதுதான். அது சின்னப் பொண்ணு, தப்புன்னா என்னைத் திட்டுங்க.

விஷயத்துக்கு வரேன். படத்துக்கு நடுவுல ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பாதியாக் கிழிச்சு ஒட்டியிருக்கீங்களே, ஒரு கண்ணு, பாதி மீசை, ஒரு காதுன்னு? அது என் வீட்டுக்காரர். கோவிந்தன் மகன் பச்சைமுத்து. காது சோணையில ஒரு பிளவு இருக்கு பாருங்க. சின்ன வயசுல எவனோ கடுக்கனைப் புடிச்சு இழுத்ததுல கிழிஞ்சது. ஒம்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் காது தெரியாதா சார்?

தொண்ணூத்தி ஒண்ணு டிசம்பர்ல காவேரி கலாட்டா நடந்தப்ப, அவர் சிவாஜிநகர் மார்க்கெட்ல லோடு ஏத்திக்கினு லக்கேஜ் ஆட்டோவுல மாகடி ரோடு பக்கம் போனாரு. போனவரு வரல. வண்டி மட்டும் எரிஞ்சு வெறும் இரும்பாக் கெடைச்சுது. ஆளும் இல்ல, பொணமும் இல்ல. என்னையும் ஏழு வயசுப் பொண்ணையும் பக்கத்து வீட்டு சந்திரம்மா ரெண்டு நாள் அவங்க வீட்டுல வெச்சுக் காப்பாத்துனாங்க. கதவுல வந்து நின்னவங்க கிட்ட "எல்லா நம்ம மனெயோரு"ன்னு, எல்லாரும் எங்க வீட்டு ஆளுங்கன்னு, கன்னடத்துல அடிச்சுப் பேசுனாங்க. அப்புறம் ஆம்பூருக்குப் போயி மூணு மாசம் கழிச்சுத் திரும்பினோம். வீட்டுல ஒரு சாமான் இல்ல. கல்யாண போட்டோ இருந்த டிரங்குப் பொட்டியும் போயிடுச்சு. அவர் முகம் இருக்கற ஒரு காகிதம் கூட எங்க கிட்ட கெடையாது.

இப்ப என் பொண்ணு மகாவுக்குக் கல்யாணம். மே ஒண்ணாந் தேதி. என் கொழுந்தனாரு சந்திரன், "அண்ணி, இன்னும் எத்தினி வருஷம்? காரியத்தைப் பண்ணிட்டு, பத்திரிகையில காலஞ்சென்றன்னு போட்டுடலாம், மாப்பிள்ளை வீட்டுல கேக்கறாங்க"ன்றாரு. பதிமூணு வருஷமா நான் ஒத்தக் கால்ல நின்னு மாட்டேன்னுட்டேன். இன்னிக்கும் தாலியும் பொட்டுமாத்தான் இருக்கேன். அவர் இருக்காருன்னா நானே முன்னால நின்னு என் பொண்ணைத் தாரை வார்க்கணும். இல்லன்னா ஓரமாப் போயி உக்காரணும்.

அதனால ஒரே ஒரு கேள்வி. போகும்போது அவருக்கு முப்பத்திரெண்டு வயசு, ஒரு நரை கெடையாது. உங்க படத்துல காதோரம் வெள்ளையா இருக்கு. அந்த வெள்ளை உங்க பெயிண்டா, அவரோட முடியா? பெயிண்டுன்னா அது அந்தக் காலத்து போட்டோ, நான் காரியத்துக்கு ஒத்துக்கறேன். முடின்னா அவர் எங்கேயோ இருக்காரு. கண்ணாடியில மூக்கு ஒட்டற அளவுக்குப் பாத்துட்டேன், எனக்குப் புடிபடல. இதை மட்டும் சொல்லுங்க சார், புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
சரளா


மல்லேஸ்வரம்
21.1.2005

அன்புள்ள சரளா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மைசூர் சமஸ்தான காலத்திலேயே இங்கு வந்துவிட்டவர்கள். பள்ளியில் படித்தது கன்னடம், தமிழ் எழுத்து அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. ஓவியம் பற்றித் தமிழில் எனக்கு ஒருவர் எழுதியிருப்பது இதுவே முதல் தடவை.

உங்கள் துயரம் என்னை மிகவும் பாதித்தது. ஆனால் ஒன்றை விளக்க வேண்டும். அந்தப் படத்தில் இருப்பது யாருடைய முகமும் அல்ல. அதுதான் அதன் கருத்தே. இந்த நகரத்தில் பிழைக்க வந்தவனின் அடையாளம் பாதியில் கிழிந்துவிடுகிறது. ஒரு பாதி அவன் கொண்டுவந்த மொழி, மறு பாதி நகரம் அவனுக்குக் கொடுத்த மொழி. அதனால்தான் முகத்தின் ஒரு பாதிக்குப் பதிலாக பஸ் டிக்கெட்டுகளை ஒட்டினேன். பின்னணியில் இருக்கும் நீலத் தாள் அவன் கனவு காணும் எல்லையற்ற வெளி. சணல் நூல்கள் வேர்கள். தலைகீழாக இருக்கும் கெரசின் கார்டு, தலைகீழாகிவிட்ட அவன் உரிமைகள்.

புகைப்படங்களை நான் சிவாஜிநகரில் ஒரு பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாக வாங்குவது வழக்கம். எல்லாமே மிகப் பழையவை. அவற்றின் மேல் தேநீர்க் கறை ஏற்றி, மெல்லிய தூரிகையால் அங்கங்கே வெள்ளைக் கோடுகள் இழுப்பேன். காலம் கடந்து போவதன் குறியீடு அது. ஆகவே நீங்கள் பார்த்த வெள்ளை என் வண்ணமாகத்தான் இருக்கும்.

உங்கள் மகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
ஷங்கர்


ஜீவனஹள்ளி
30.1.2005, ஞாயிறு

ஷங்கர் சாருக்கு,

உங்க லெட்டர் வந்துது. கையெழுத்து குண்டு குண்டா ஸ்கூல் பிள்ளை எழுதுன மாதிரி அழகா இருக்கு. தப்பு ஒண்ணும் இல்ல.

ஆனா சார், கோச்சுக்கலன்னா ஒண்ணு சொல்லட்டுமா? அந்த நீலத் தாளு எல்லையும் இல்ல, வெளியும் இல்ல. மழை வந்தா லோடு நனையாம வண்டி மேல இழுத்துக் கட்டற ஷீட்டு. எங்க பக்கத்துல கூரை ஒழுகினா அதைத்தான் போடுவோம். வேருன்னு சொன்னீங்களே, அது மூட்டை தைக்கிற சணல். கெரசின் கார்டை நீங்க தலைகீழா ஒட்டினதுக்கு அவ்ளோ பெரிய அர்த்தமான்னு யூனிஸ் கேட்டு சிரிச்சுது. நான் தெரியாம ஒட்டிட்டாருன்னு நெனைச்சு, மேனேஜர் கிட்ட சொல்லலாமான்னு பாத்தேன்!

பாதியாக் கிழிஞ்சவன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அது சரியாப் படல. நான் மார்க்கெட்ல பாய் கடையில உருது பேசறேன், சந்திரம்மா கிட்ட கன்னடம் பேசறேன், ஆபீஸ்ல "எஸ் மேடம்"ன்றேன், வீட்டுல என் பொண்ணைத் தமிழ்ல திட்டறேன். ஒருத்திதானே சார் நான்? எங்கேயும் கிழியலையே. அவரும் அப்படித்தான் இருந்தாரு. கன்னடம் என்னை விட நல்லாப் பேசுவாரு. அவருக்கு முழு முகம் இருந்துது சார். நல்ல முகம்.

உங்களைக் குத்தம் சொல்லணும்னு எழுதல. பெரிய படிப்பு படிச்சவங்க, உங்க கண்ணுக்கு ஒண்ணு தெரியும், எங்க கண்ணுக்கு ஒண்ணு தெரியும். ஆனா என் கேள்விக்கு "என் வண்ணமாகத்தான் இருக்கும்"னு எழுதியிருக்கீங்க. இருக்கும்னா என்ன அர்த்தம்? ரசத்துல உப்பு இருக்கும்னு சொல்ற மாதிரி சொல்லாதீங்க சார். உறுதியாச் சொல்லுங்க. நீங்க ஆபீசுக்கு வந்து ஒரு தடவை கண்ணால பாத்துச் சொன்னாக்கூட போதும். உங்க ஒரு வார்த்தையை வெச்சுத்தான் நான் என் கழுத்துல கை வைக்கணும்.

இன்னொண்ணு. போட்டோவுல மீதிப் பாதி உங்க கிட்ட இருக்குமா? மகாவுக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல. பாதிப் படத்தை அவளுக்குக் காட்ட எனக்கு மனசு வரல. இன்னும் சொல்லல.

இப்படிக்கு,
சரளா


மல்லேஸ்வரம்
9.2.2005

அன்புள்ள சரளா அம்மா,

இருபதாம் தேதி மும்பையில் என் கண்காட்சி. படங்களைப் பெட்டியில் அடைக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சணலையும் ஷீட்டையும் பற்றி எழுதியதை என் நண்பர்களிடம் படித்துக் காட்டினேன். எல்லோரும் ரசித்தார்கள்.

மீதிப் பாதி இல்லை. கிழித்த துண்டுகளை நான் வைத்துக்கொள்வதில்லை. மிகவும் வருந்துகிறேன்.

வெள்ளை என் வண்ணம்தான். உறுதியாகச் சொல்கிறேன். நீங்கள் மனதை அலைக்கழித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
ஷங்கர்


ஜீவனஹள்ளி
6.3.2005, ஞாயிறு

ஷங்கர் சாருக்கு,

மும்பையில உங்க படமெல்லாம் நல்லா போச்சுன்னு நம்பறேன்.

போன ஞாயித்துக்கெழமை காரியம் முடிஞ்சுது. உடம்பு இல்லாததால புல்லுல ஒரு ஆள் மாதிரி கட்டி, அதுக்கு ஒரு வேட்டி சுத்தி, சந்திரன் கொள்ளி வெச்சாரு. புது வேட்டி. பழசு ஒண்ணும் எங்க கிட்ட இல்லையே. புல்லு படபடன்னு எரிஞ்சு அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுச்சு. ஒரு மனுஷன் எரிய எவ்ளோ நேரம் ஆகும்! எனக்கு அதுதான் தாங்கல.

சாயங்காலம் என்னை நடுவுல உக்கார வெச்சாங்க. கை நெறைய வளையல் அடுக்கி, தலை நெறையப் பூ வெச்சு, பெரிசாப் பொட்டு வெச்சு, கடைசியா ஒரு தடவை கண்ணாடி காட்டுனாங்க. அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்தாங்க. தாலியை எடுக்கறப்ப நான் சத்தம் போட்டேனாம், எனக்கு நெனைப்பில்ல. சந்திரம்மா எங்க சாதி சனம் இல்ல, அவங்க அந்த எடத்துல இருக்கக் கூடாதுன்னு யாரோ சொன்னாங்க. அவங்க நகரல. "அளபேடா சரளா, நானித்தீனி"ன்னு, அழாதே நான் இருக்கேன்னு, என் முதுகை விடாமத் தடவிக்கினே இருந்தாங்க.

மகா ரொம்ப அழுதா. இத்தினி வருஷமா அப்பா பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவா. ஊர்ல பிள்ளைங்க "உங்கப்பன் ஓடிப் போயிட்டான்"னு சொல்வாங்களாம். எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. அன்னிக்குத்தான் சொன்னா. "அப்பா நம்மள விட்டுட்டுப் போகலம்மா, செத்துத்தான் போயிருக்காரு"ன்னு என்னைக் கட்டிக்கினு அழுதா. அவ மொகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது சார். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான். பதிமூணு வருஷம் தெருவுல லக்கேஜ் ஆட்டோ சத்தம் கேட்டா வாசலைப் பாத்தவ நான். இனிமே பாக்க வேண்டாம்.

பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. காலஞ்சென்ற பச்சைமுத்துன்னு போட்டாச்சு. தாரை வார்க்க சந்திரனும் அவர் சம்சாரமும் நிப்பாங்க.

ஆபீசுக்குப் பொட்டில்லாமப் போறேன். யூனிஸ் பாத்துட்டு எழுந்து வந்து கையைப் புடிச்சுக்கினு நின்னுது. நீங்க முகம் தெரியாதவங்க, ஆனா இந்த வீட்டுக்கு ஒரு முடிவு குடுத்தீங்க. நல்லா இருக்கணும் நீங்க.

இப்படிக்கு,
சரளா


மல்லேஸ்வரம்
24.3.2005

சரளா அம்மா,

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்துவிடலாம் என்று ஒரு வாரம் யோசித்தேன். இருக்க முடியவில்லை.

நான் உங்களுக்குச் சொன்னது உண்மையல்ல. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வெள்ளையை நான் போட்டேனா இல்லையா என்பது எனக்கு நினைவே இல்லை. வழக்கமாகப் போடுவேன், இதிலும் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். நான் செய்த படத்தைப் பற்றி எனக்கே தெரியாது என்று உங்களிடம் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. உங்கள் ஆபீஸ் இங்கிருந்து அரை மணி நேரம். வந்து பார்த்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம், பெட்டி கட்டும் அவசரம். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

போன வாரம் புதிய வேலைக்காகப் பழைய பேப்பர் கட்டைப் பிரித்தேன். மாகடி ரோட்டில் மூடிவிட்ட ஒரு டிரைவிங் ஸ்கூலின் சேர்க்கைப் படிவங்கள் அவை. படங்களை அவற்றிலிருந்துதான் உரித்தெடுத்திருந்தேன். ஒரு படிவத்தில் படம் இருந்த இடம் காலியாக இருந்தது. அதன் ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்பின் பாதி. மறு பாதி உங்கள் ஆபீஸில் இருக்கும் படத்தின் சட்டைக் காலரில் இருப்பது என்னிடமுள்ள போட்டோ ஸ்லைடில் தெரிந்தது. சனிக்கிழமை நேரில் போனேன். நீங்கள் வேலை முடித்துக் கிளம்பிவிட்ட பிறகு, வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துப் போனேன். பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அது வண்ணம் இல்லை. நரைதான்.

படிவத்தின் தேதி ஆகஸ்ட் 1999. பெயர் முனிராஜு. தந்தை பெயர் கோவிந்தன். தாய்மொழி கன்னடம். லாரி ஓட்டப் பழக விண்ணப்பம். கையெழுத்தும் கன்னடத்தில். விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் ஜயம்மா, மனைவி என்று இருக்கிறது. விலாசமும் இருக்கிறது. அதை இதில் எழுதவில்லை. நீங்கள் கேட்டால் அந்த நிமிடமே அனுப்புகிறேன். கூட வரச் சொன்னால் வருகிறேன்.

தன் பெயரை மாற்றிக்கொண்டவர் தகப்பனார் பெயரை மாற்றவில்லை.

என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் இல்லை.

ஷங்கர்


மல்லேஸ்வரம்
20.4.2005

சரளா அம்மாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. யூனிஸ் அவர்களுக்கு போன் செய்து, நீங்கள் வேலைக்கு வருகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். வருவதாகச் சொன்னார்.

கம்பெனியிடம் படத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். கொடுத்த விலையைத் திருப்பித் தருவதாகவும் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், தர முடியாது என்றார்கள். பக்கத்தில் இருக்கும் விளக்கத் தாளையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஷங்கர்


ஜீவனஹள்ளி
23.10.2005, ஞாயிறு

ஷங்கர் சாருக்கு,

உங்க ரெண்டு லெட்டரும் வந்துது. வேணும்னேதான் பதில் போடல. மொதல்ல போட்டிருந்தா என் வாயில வந்ததெல்லாம் எழுதியிருப்பேன். சாபம் குடுத்திருப்பேன். எல்லாத்தையும் மனசுக்குள்ளயே உங்களுக்கு எழுதிட்டேன், பேப்பர்ல வேண்டாம்.

கல்யாணம் நல்லபடியா நடந்துது. மகாவைக் கே.ஜி.எஃப்-ல குடுத்திருக்கேன். பையன் தங்கமான பையன். முகூர்த்த நேரத்துல நான் சமையல் கட்டுல இருந்தேன். கெட்டி மேளம் கேட்டுது. உளுந்து வடைக்கு மாவு கம்மின்னு யாரோ வந்து கேட்டாங்க, எடுத்துக் குடுத்தேன். என் பொண்ணு கழுத்துல தாலி ஏறினதை நான் பாக்கல சார். பாத்திருக்கலாம். முன்னால நின்னு பாத்திருக்கலாம், இல்லையா? ஒரு அரை மணி நேரம் பஸ்ஸுல வந்துட்டுப் போக உங்களால முடியல. மன்னிச்சுட்டேன்னு என்னால எழுத முடியாது. எழுதினா பொய்.

ஆனா அவர் பண்ணதை உங்க தலையில கட்டவும் மாட்டேன். பேரை மாத்திக்கினாரு, சரி. அன்னிக்கு மாகடி ரோட்டுல உசிரு பொழைக்க முனிராஜுன்னு சொல்லியிருப்பாரு. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். பயம் எத்தினி நாளைக்கு? மூணு மாசத்துல எங்க தெருவே திரும்பி வந்துடுச்சே. எல்லாரும் வந்தாங்களே. நாங்க அதே வீட்டுலதானே இருந்தோம். எட்டு வருஷம் கழிச்சு லாரி ஓட்டக் கத்துக்கத் தெரிஞ்சவருக்கு, ஜீவனஹள்ளிக்கு ஒரு பஸ் புடிச்சு வரத் தெரியலையா? படத்தைக் கிழிச்சது நீங்கதான்னு இத்தினி நாளா உங்க மேல கோவமா இருந்தேன். நீங்க கிழிக்கறதுக்கு முன்னாடியே அவரே கிழிச்சுக்கினாரு.

விலாசம் வேண்டாம். அந்த ஃபாரத்தைக் கொளுத்திடுங்க. யாருக்கும் சொல்லாதீங்க. படத்தைப் பத்தி யாராவது வந்து பேட்டி கேட்டாலும், கதை நல்லாருக்கேன்னு இதைச் சொல்லிடாதீங்க. இது ஒண்ணைத்தான் உங்க கிட்ட கேக்கறேன். நான் இப்ப மறுபடி பொட்டு வெச்சா ஏன்னு கேப்பாங்க. சந்திரனுக்குத் தெரிஞ்சா கத்தியோட போயி நிப்பாரு. எல்லாத்துக்கும் மேல மகா இருக்கா. அப்பா நம்மள விட்டுட்டுப் போகலன்னு அவ இப்பத்தான் தலை நிமிந்து நடக்கறா. அதுக்காக நான் உசிரோட இருக்கறவருக்கு விதவையா இருந்துட்டுப் போறேன். சந்திரம்மா கிட்டகூட சொல்லல. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வேற யார் கிட்டயும் சொல்லி அழ முடியாததாலதான் உங்களுக்கு இந்த லெட்டரே.

இதுக்குப் பதில் போடாதீங்க. யூனிஸுக்கும் போன் பண்ணாதீங்க.

நேத்து மகா கே.ஜி.எஃப்-லருந்து போன் பண்ணா. மூணு மாசமாம். நான் இன்னும் சந்தோஷப்படக்கூட இல்ல, அதுக்குள்ள, "அம்மா, பையனாப் பொறந்தா அப்பா பேரைத்தான் வைக்கப்போறேன், பச்சைமுத்துன்னு. பழைய பேரா இருந்தாலும் பரவாயில்ல, அவர் சம்மதிச்சுட்டாரு. வைக்கட்டுமா?"ன்னு கேட்டா.

"வையிம்மா"ன்னேன். அந்தப் பேரு சும்மாதான் கெடக்குது.

இப்படிக்கு,
சரளா